இரண்டு நாள் சான்றிதழுக்கு மீதிப் பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: பினாங்கு மாநிலம் பட்டர்வொர்த்தில் ஒரு தனியார் பாலர் பள்ளியில் மூன்று வருடமாக உதவி ஆசிரியையாக இருக்கிறேன். வயது 26. எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வில் ஐந்து கிரெடிட். அதற்கு முன் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. என் வகுப்பில் நாலு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், பேச்சு இல்லை, பாட்டில் மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருப்பான். அவனைப் பார்த்ததிலிருந்து, இந்த மாதிரிக் குழந்தைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சியை முறையாகப் படிக்க வேண்டும் என்று ஆசை. கோலாலம்பூரில் ஒரு ஓட்டலில் இரண்டு நாள் வகுப்பு, முடித்தால் ‘சர்ட்டிஃபைட் தெரபிஸ்ட்’ சான்றிதழ் என்று ஃபேஸ்புக்கில் விளம்பரம் பார்த்து 300 ரிங்கிட் முன்பணம் கட்டிவிட்டேன். மொத்தக் கட்டணம் 1,800. இது போதுமா, டிப்ளோமா படிக்க வேண்டுமா? எனக்கு ஆங்கிலம் சுமார்தான், தமிழும் மலாயும் நன்றாக வரும். அம்மாவுக்கு இதில் இஷ்டமே இல்லை. ‘கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு ஏன் இந்த வேலை, நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்கிறார். இன்னொன்று, அந்தப் பையனின் அம்மாவிடம் ஆட்டிசம் என்று சொல்லிவிடலாமா?

பதில்: டீச்சர், நீங்கள் கடைசியாகக் கேட்டதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். உங்கள் படிப்பை அடுத்த மாதம் முடிவு செய்தாலும் ஒன்றும் கெட்டுவிடாது. பையன் விஷயம் அப்படி இல்லை.

ஆட்டிசம் என்று சொல்லாதீர்கள். அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியவர் குழந்தைநல மருத்துவர், அல்லது குழந்தைகள் மனநல மருத்துவர். இத்தனை வருடம் இந்தக் குழந்தைகளுக்கான ஆரம்பகாலப் பயிற்சி ஆசிரியையாக இருக்கும் நானும் எந்தத் தாயிடமும் அதை முதல் ஆளாகச் சொல்வதில்லை. அதற்காகப் பேசாமலும் இருந்துவிடாதீர்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஒரு நாளில் மூன்று நான்கு மணி நேரம் அவனை மற்ற பிள்ளைகளோடு சேர்த்துப் பார்க்கிறீர்கள். அந்த வாய்ப்பு டாக்டருக்குக் கிடைக்காது.

ஆனால் பார்த்ததை எப்படிச் சொல்கிறோம் என்பது முக்கியம். ‘கவனமில்லை, அடம்பிடிக்கிறான், சொன்னால் கேட்பதில்லை’ என்று எழுதினால் அது உங்கள் அபிப்பிராயம். அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘செவ்வாய் காலை 9.20. பின்னால் நின்று மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம் கேட்டதும் திரும்பினான். 10.05. தண்ணீர் வேண்டும். என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் பாட்டில் மேல் வைத்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை. 10.40. மூடிகளை எடுத்து வைக்கச் சொன்னபோது அழுதான், தரையில் படுத்தான், பாட்டு போட்டதும் எழுந்தான்.’ அதற்கு முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பிறகு என்ன ஆனது, அவ்வளவுதான். ஒரு வாரம் இப்படி எழுதுங்கள். நல்ல படிப்பு எதில் சேர்ந்தாலும் முதல் பருவத்தில் இதைத்தான் திரும்பத் திரும்ப எழுத வைப்பார்கள். நீங்கள் காசு கட்டாமலேயே ஆரம்பித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிஸ்கட் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பதால் காது நன்றாகக் கேட்கிறது என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். சில அலைவரிசை ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தைகள் உண்டு. சளி பிடித்துப் பிடித்து நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு, ஒரு நாள் கேட்பதும் ஒரு நாள் கேட்காததுமாக இருக்கும் குழந்தைகளும் உண்டு. பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் முதலில் செவிப் பரிசோதனை. இதில் விதிவிலக்கே கிடையாது.

பையனின் அம்மாவைச் சந்திக்கும்போது தலைமையாசிரியைக்குத் தெரிந்து செய்யுங்கள். மாலையில் மற்றப் பெற்றோர்கள் நிற்கும் வாசலில் வேண்டாம், உட்கார ஒரு நாற்காலி உள்ள இடமாகப் பாருங்கள். அவனால் முடிவதை முதலில் சொல்லுங்கள். மூடிகளை நிறம் பிரித்து அடுக்குகிறான் என்றால் அதையும் சொல்லுங்கள். அப்புறம் குறிப்பை எடுத்துக் காட்டி, ‘அக்கா, வீட்டில் எப்படி? கிளினிக்கில் ஒரு தடவை காட்டிப் பார்க்கலாமா?’ என்று கேளுங்கள். கோபப்படலாம். ‘அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினார்’ என்று சொல்வார், இது எனக்கு மனப்பாடம். வாதம் செய்யாதீர்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள்.

நம் நாட்டு அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் 18 மாதத்திலும் மூன்று வயதிலும் எம்-சாட் என்ற கேள்வித்தாளை வைத்து ஆட்டிசத்துக்கான அறிகுறிகளைத் தேடுகிறார்கள். பெற்றோர் ஆமாம் இல்லை என்று பதில் சொல்ல வேண்டும். அது சந்தேகம் எழுப்பும் கருவி மட்டும்தான், நோயைத் தீர்மானிப்பது அதன் வேலை கிடையாது. உங்கள் பையன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். ஆனாலும் அதே கிளினிக்குக்குப் போய், குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தையும் உங்கள் குறிப்பையும் காட்டினால் அங்கிருந்து செபராங் ஜெயா மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். கிளினிக்கில் ஒரு ரிங்கிட்தான் செலவு. மருத்துவமனைத் தேதி கிடைக்க நாளாகும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. குழந்தைக்குக் கற்றுக்கொடுக்க எந்த நோய்ப் பெயரும் தேவையில்லை, மாற்றுத்திறனாளிகளுக்கான ஓ.கே.யு. கார்டும் தேவையில்லை.

சரி, உங்கள் படிப்புக்கு வருவோம்.

இரண்டு நாளில் யாரும் தெரபிஸ்ட் ஆக முடியாது. இது என் கருத்து மட்டுமில்லை, சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் சார்பு சுகாதாரத் தொழிலர் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. தொழில்வழி சிகிச்சையாளர், பேச்சு சிகிச்சையாளர், இயன்முறை சிகிச்சையாளர், செவியியல் நிபுணர் போன்றவர்கள் அதற்கான மன்றத்தில் பதிவு செய்துகொண்டுதான் தொழில் செய்ய வேண்டும். அதற்கு அங்கீகரிக்கப்பட்ட டிப்ளோமாவோ பட்டமோ வேண்டும். ஆரம்பகால இடையீட்டு ஆசிரியர், அதாவது இங்கே எல்லாரும் இ.ஐ.பி. டீச்சர் என்று சொல்லும் நாங்கள், அந்தப் பட்டியலில் இல்லை. எங்களுக்கென்று தனிப் பதிவோ உரிமமோ கிடையாது.

அதில்தான் சிக்கலே. அமெரிக்காவில் 1986இல் வந்த ஒரு கூட்டரசுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பிறந்ததிலிருந்து மூன்று வயது வரையான குழந்தைகளுக்கு ஆரம்பகாலச் சேவை ஒரு முறையான அமைப்பாக ஆனது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுத்தில் ஒரு திட்டம் போட வேண்டும் என்பதும் அப்போது வந்ததுதான். இங்கே அப்படி ஒரே கூரை இல்லை. மருத்துவமனை சிகிச்சை சுகாதார அமைச்சிடம், பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் சமூகநல இலாகாவிடம், பள்ளிக்கூடம் கல்வி அமைச்சிடம், மிச்சமெல்லாம் தொண்டு நிறுவனங்களிடமும் தனியார் மையங்களிடமும். இந்த இடைவெளியில் யார் வேண்டுமானாலும் ஓட்டல் அறையை வாடகைக்கு எடுத்துச் சான்றிதழ் அச்சடிக்கலாம். நல்ல பயிலரங்கங்களும் இருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஏற்கெனவே குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்கு அவை பயன்படும். ஆனால் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்து தெரபிஸ்ட் என்று போர்டு மாட்டுவது வேறு விஷயம்.

ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்றால், இந்த வேலையில் தெரியாமல் செய்தால் குழந்தைக்கு ஆபத்து. பெருமூளை வாதம் உள்ள குழந்தையைப் படுக்கவைத்து, தலையைப் பின்னால் சாய்த்துக் கஞ்சி ஊட்டினால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கலாம். திரும்பத் திரும்ப நெஞ்சுச் சளி என்று ஆஸ்பத்திரிக்கு ஓடும் குழந்தைகளில் சிலருக்குக் காரணமே இதுதான். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருக்கும், சிலருக்குக் கழுத்து எலும்பு இணைப்பு உறுதியாக இருக்காது. குட்டிக்கரணம் போட வைக்கும் முன் டாக்டரைக் கேட்டாக வேண்டும். வலிப்பு வந்தால் வாயில் ஸ்பூன் வைக்கக் கூடாது. இதையெல்லாம் புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது, ஒருவர் பக்கத்தில் நின்று உங்கள் கையைத் திருத்த வேண்டும்.

அதனால் எந்தப் படிப்பாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: நீங்கள் குழந்தையோடு வேலை செய்யும்போது, அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்து பார்த்து, முடிந்ததும் உங்களோடு பேசுவாரா? எத்தனை மணி நேரம்? கல்லூரிக்குப் போன் செய்தால் கட்டணத்தைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். செய்முறைப் பயிற்சி எந்த மையத்தில், மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் அங்கே இருக்கிறார்களா, வீட்டுக்குப் போகும் வாய்ப்பு உண்டா, நீங்கள் பாடம் நடத்துவதை வீடியோ எடுத்துப் பார்த்துத் திருத்துவார்களா? வரவேற்பில் இருக்கும் பெண்ணுக்குத் தெரியாவிட்டால் பாடத்தின் பொறுப்பாளரிடம் பேசக் கேளுங்கள். அவரும் மழுப்பினால் வேறு கல்லூரி பாருங்கள்.

வீட்டுக்குப் போவது பற்றி ஏன் கேட்கச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு காட்சி. பிறையில் ஓர் அடுக்குமாடி வீடு. இரண்டரை வயதுப் பெண் குழந்தை, டவுன் சிண்ட்ரோம். பயிற்சிக்கு வந்த மாணவி பெரிய பை நிறையப் பொம்மையும் லேமினேட் செய்த படங்களும் கொண்டுவந்திருந்தாள். அவள் தரையில் கடை விரித்ததும் பாட்டி, ‘நீங்க பாருங்கம்மா’ என்று அடுப்படிக்குப் போய்விட்டார். பையை மூடி வாசலில் வைக்கச் சொன்னேன். பாட்டி வழக்கம்போலச் சாப்பாடு ஊட்டட்டும், நாம் பக்கத்தில் உட்காருவோம் என்றேன்.

இடியாப்பமும் தேங்காய்ப்பாலும். ஒரு கையில் போன், போனில் பாட்டு. குழந்தை வாயைத் திறக்கிறது, மூடுகிறது, ஒரு சத்தமும் இல்லை. கேட்க வேண்டிய அவசியமே அதற்கு வரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த வாயைக் குழந்தையின் கண்ணுக்கு நேரே பிடித்து, மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை நிறுத்தச் சொன்னோம். மூன்று எண்ணுவதற்குள் பாட்டிக்குப் பொறுக்கவில்லை. ‘பாவம், பசிக்குது’ என்று ஊட்டிவிட்டார். மறுபடி. இந்தத் தடவை ஐந்து வரை போனது. குழந்தை நிமிர்ந்து பாட்டி முகத்தைப் பார்த்து ‘ம்’ என்றது. உடனே வாய். அப்புறம் பாட்டியே எங்களைப் பார்க்காமல் எண்ண ஆரம்பித்துவிட்டார். அந்த மாணவி அன்று எழுதிய இலக்கு: ‘சாப்பாட்டு நேரத்தில், அடுத்த வாய் வேண்டுமென்று பாட்டியைப் பார்த்து ஒரு சத்தமோ சைகையோ காட்டுவாள், ஐந்து தடவையில் மூன்று தடவை.’ முதலில் ‘தகவல் தொடர்பை மேம்படுத்துதல்’ என்றுதான் எழுதி வைத்திருந்தாள். ‘மேம்படுத்துதல்’ என்பதை வைத்துக்கொண்டு பாட்டி என்ன செய்வார்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மையத்துக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் வரும் குழந்தை, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் விழித்திருந்தால் வாரத்துக்கு 84 மணி நேரம். மிச்சம் 82 மணி நேரமும் குளிப்பது, சாப்பிடுவது, சட்டை மாட்டுவது, காரில் போவது. அதைப் பார்க்கத் தெரியாதவருக்கு இந்த வேலையில் பாதி கூடத் தெரியாது என்பேன். 1969இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் போர்ட்டேஜ் என்ற ஊரில் ஆரம்பித்த திட்டம் இப்படி வந்ததுதான். கிராமப்புறம், வீடுகள் ஒன்றுக்கொன்று தூரம், மையம் கட்டிக் குழந்தைகளை வரவழைக்க முடியாது. ஆசிரியர் வாரம் ஒரு முறை வீட்டுக்குப் போய்ப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்து, ஒரு தாளை விட்டுவிட்டு வருவார். பெற்றோர் தினமும் அதில் குறிப்பார்கள். அதே போர்ட்டேஜ் முறை பல நாடுகளுக்குப் போனது. நம் நாட்டில் பி.டி.கே.வும் 1984இல் திரெங்கானுவின் பத்து ராக்கிட்டில் சமூகத்தை நம்பித்தான் ஆரம்பமானது.

இப்போது உங்கள் பாதை. உங்கள் இடத்தில் இருந்தால் நான் முதலில் பாலர் கல்வி டிப்ளோமாவைப் பகுதி நேரமாகப் படிப்பேன். ஏமாற்றமாக இருக்கலாம், ‘நான் கேட்டது வேறு’ என்று தோன்றலாம். ஆனால் சாதாரண வளர்ச்சியை மாதம் மாதமாகப் பார்த்துப் பழகாத கண்ணுக்குத் தாமதம் எது, அந்தக் குழந்தையின் சுபாவம் எது என்று பிரித்துப் பார்க்க வராது. பாலர் பள்ளி ஆசிரியர்களுக்கும் இப்போது டிப்ளோமாதான் எதிர்பார்க்கப்படுகிறது. அதனால் இ.ஐ.பி. பக்கம் வந்தாலும் வராவிட்டாலும் உங்கள் வேலைக்கு அது காப்பு. ஐந்து கிரெடிட் இருக்கிறது, சேர்வதில் பெரிய தடை இருக்காது. பாடத்தின் பெயர் மலேசியத் தகுதிப் பதிவேட்டில் இருக்கிறதா என்று அதை நடத்தும் எம்.கியூ.ஏ. இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள், விளம்பரத்தில் இருக்கும் சின்னத்தை நம்ப வேண்டாம். பதிவேட்டில் இருக்கும் படிப்புக்குத்தான் பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் கேட்க முடியும். தொழிற்சாலையில் பிடித்த கே.டபிள்யூ.எஸ்.பி. சேமநிதிப் பணத்திலிருந்தும் டிப்ளோமாவுக்கு எடுக்க வழி இருக்கிறது. சிறப்புத் தேவை சம்பந்தமான விருப்பப் பாடங்கள் உள்ள கல்லூரி கிடைத்தால் அதை எடுங்கள். ஆரம்பகால இடையீட்டுக்கான தனிப் பாடத்தை அதன் மேல் ஏற்றலாம். என்.இ.சி.ஐ.சி. என்று சுருக்கமாகச் சொல்லும் தேசிய ஆரம்பகால இடையீட்டு மன்றம், இந்தத் துறையில் இருக்கும் தொண்டு நிறுவனங்களையும் நிபுணர்களையும் சேர்த்து வைத்திருக்கும் அமைப்பு. அவர்கள் நடத்தும் பயிற்சிகளைக் கவனித்துக்கொண்டு இருங்கள்.

பள்ளிக்கூடப் பக்கம் போக ஆசையென்றால் சிறப்புக் கல்வியில் பட்டம், தஞ்சோங் மாலிமில் உள்ள உப்சி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. நிஜமாகவே தெரபிஸ்ட் ஆகத்தான் ஆசையென்றால் அதுவும் தப்பில்லை. யு.கே.எம். பல்கலைக்கழகம் 1995இலேயே கோலாலம்பூரில் பேச்சு சிகிச்சைப் பட்டப்படிப்பை ஆரம்பித்துவிட்டது, நாட்டிலேயே முதல். நான்கு வருட முழுநேரப் படிப்பு, எஸ்.டி.பி.எம். என்ற ஆறாம் படிவத் தேர்வோ அதற்கு இணையானதோ முடித்திருக்க வேண்டும், அறிவியல் பாடங்கள் வேண்டும். சம்பளத்தை நம்பி வீடு இருக்கிறதென்றால் யோசித்துச் செய்ய வேண்டிய முடிவு.

ஆர்.பி.டி. என்று இன்னொரு விளம்பரமும் உங்கள் கண்ணில் படும். அது ஏ.பி.ஏ. என்ற நடத்தைப் பயிற்சி முறையில் வேலை செய்யும் உதவியாளர்களுக்கான அமெரிக்கச் சான்றிதழ். அதை வழங்கும் அமைப்பு 2023 தொடக்கத்திலிருந்து அமெரிக்கா, கனடா போன்ற ஒருசில நாடுகளில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்களிடம் புது விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டது. அந்த 40 மணி நேரப் பாடத்தை நீங்கள் இங்கே படிக்கலாம், ஆனால் அந்தச் சான்றிதழ் இங்கிருந்து கிடைக்காது. ‘ஆர்.பி.டி. ஆகலாம்’ என்று யாராவது பணம் கேட்டால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஆங்கிலம் சுமார் என்று தயங்கியிருக்கிறீர்கள். பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், அதை மெல்ல மெல்லப் படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் உங்கள் தமிழைக் குறையாக நினைக்காதீர்கள். பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கமெல்லாம் பேச்சு வராத குழந்தையின் வீட்டில் ‘இனி இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழப்பும்’ என்று யாராவது சொல்லி வைத்திருப்பார்கள். அம்மா தனக்குப் பாதி தெரிந்த ஆங்கிலத்தில் ‘கம், சிட், ஈட்’ என்கிறார். பாட்டி பயந்து வாயைத் திறப்பதே இல்லை. குழந்தைக்கு வீட்டில் கிடைத்துக்கொண்டிருந்த பேச்சில் முக்கால்வாசி நின்றுபோகிறது. இரண்டு மொழியால் இந்தக் குழந்தைகளுக்குக் கேடு என்பதற்கு ஆதாரம் இல்லை. கனடாவில் கே-ரெய்னிங் பேர்டும் அவருடைய குழுவினரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், இருமொழி பேசும் டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் ஒருமொழிக் குழந்தைகளைவிடப் பின்தங்கியிருக்கவில்லை. ஆட்டிசம் பற்றிய பிற்கால ஆய்வுகளும் அதே பக்கம்தான். வீட்டில் யாருக்கு எந்த மொழி சரளமோ அந்த மொழியில் பேசட்டும். இதைத் தமிழில், பாட்டிக்குப் புரியும்படி உட்கார்ந்து சொல்லத் தெரிந்தவர்கள் இந்தத் துறையில் குறைவு. நீங்கள் வந்தால் வேலை காத்திருக்கிறது.

கல்லூரியில் சேர்வதற்கு முன் பள்ளி விடுமுறையில் ஏதாவது ஒரு மையத்தில் தொண்டூழியராகப் போய்ப் பாருங்கள். பினாங்கில் ஏசியா கம்யூனிட்டி சர்வீஸ், போல்ட் போன்ற அமைப்புகள் இருக்கின்றன, ஆட்டிசத்துக்கான நாசோம் சங்கம் இருக்கிறது, உங்கள் வட்டாரத்தில் பி.டி.கே. ஒன்று கட்டாயம் இருக்கும். எல்லாரும் உடனே சரி என்று சொல்லிவிட மாட்டார்கள். பின்னணி விசாரிப்பார்கள், படம் எடுக்காதே என்பார்கள், அப்படிச் சொல்லும் இடம்தான் நல்ல இடம். குழந்தைகளை டிக்டாக்கில் போட்டுப் பேர் வாங்கும் மையங்களும் இருக்கின்றன, அங்கே கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. போனால் சும்மா நின்று பாருங்கள். எச்சில் துடைப்பது, டயப்பர் மாற்றுவது, ஒரு குழந்தை கடித்துவிட்டால் முகம் மாறாமல் இருப்பது, எதுவும் மாறாத மூன்று வாரத்துக்குப் பிறகு நாலாவது வாரமும் அதையே செய்வது. இதெல்லாம் ஒத்துவந்தால் பணம் கட்டுங்கள். ஆக்சிஜன் அறை, உடம்பிலிருந்து உலோகம் எடுக்கும் மருந்து என்று ஆட்டிசத்துக்கு வைத்தியம் விற்கும் இடமாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். இரண்டையும் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகமே எச்சரித்திருக்கிறது.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். தொண்டு நிறுவனங்களில் பெரிய சம்பளம் கிடையாது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது, ஆரம்பத்தில் அதைவிட ரொம்ப மேலே எதிர்பார்க்காதீர்கள். பாயான் லெப்பாஸில் ஓவர்டைம் செய்து எடுத்த சம்பளத்தோடு ஒப்பிட்டால் மனசு கஷ்டப்படும். டிப்ளோமாவும் அனுபவமும் சேர்ந்த பிறகு தனியார் மையங்களில் நிலைமை கொஞ்சம் மேல்.

அம்மா விஷயத்தில் நான் உபதேசம் செய்யப்போவதில்லை. அவர் பயப்படுவது உங்களுக்காக. இந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால் நமக்கும் அப்படிப் பிறக்கும் என்று நினைக்கும் ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஒட்டிக்கொள்கிற நோய் இல்லை என்று விளக்கிப் பயனில்லை, அவருக்கே தெரியும். மையத்தில் தீபாவளி விருந்து, விளையாட்டுப் போட்டி என்று ஏதாவது வந்தால் கூட்டிக்கொண்டு போங்கள். முறுக்கு சுடத் தெரிந்தவராக இருந்தால் ஒரு டப்பா கொண்டுவரச் சொல்லுங்கள். மாப்பிள்ளை வீட்டார் பேச்சை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்த வேலையில் இருக்கும் எங்களுக்கெல்லாம் கல்யாணம் ஆகியிருக்கிறது.

கட்டிய 300 ரிங்கிட்டைத் திருப்பிக் கேளுங்கள். போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுதுங்கள், பதில் பதிவாகும். ‘இந்தச் சான்றிதழை யார் அங்கீகரித்திருக்கிறார்கள், இதை வைத்துத் தெரபிஸ்ட் என்று நான் தொழில் செய்யலாமா’ என்ற இரண்டு கேள்வியையும் அதே கடிதத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதற்குப் பிறகு பணம் தானாக வரும். வராவிட்டால் விளம்பரத்தின் ஸ்க்ரீன்ஷாட்டையும் பணம் கட்டிய ரசீதையும் எடுத்து வைத்துக்கொண்டு பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் ஆலோசனை கேளுங்கள், தமிழிலேயே பேசலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போட ஐந்து ரிங்கிட்தான், வக்கீல் தேவையில்லை. அந்த விளம்பரம் பக்கத்திலிருந்து காணாமல் போவதற்குள் ஸ்க்ரீன்ஷாட்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.